எஞ்சினை இறக்கச் சொல்வதற்கு முன் கிளச் கேபிளைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: அப்பப்பா வாங்கிய 1965 வொக்ஸ்வாகன் பீட்டில், கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் நிற்கிறது, சில மாதங்களாகக் கிளச் மிதிக்கக் கல் மாதிரி இருக்கிறது, ரிவர்ஸ் போடப் போனால் ‘கர்ர்ர்’ என்று பல் உரசுகிறது, கராஜில் காட்டினால் எஞ்சினை இறக்கிக் கிளச் பிளேட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது உண்மையா, வெறும் கேபிள் கோளாறாக இருக்குமா, கேபிள் என்றால் வீட்டிலேயே மாற்றலாமா?

கேபிளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் ஒரு ஆள் துணை வேண்டும், அரை நாள் போகும், முதல் தடவை என்றால் முழு நாளும் போகும். பிளேட் பக்கமே குற்றம் இல்லை என்று இங்கிருந்து நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் காசு செலவழிக்காமல் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இருக்கும்போது எஞ்சினை இறக்கச் சம்மதிக்க வேண்டாம்.

முதலில் இந்தக் காரில் கிளச் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மொரிஸ் மைனரில் வேலை பழகினவர்களுக்கு அது தண்டு, மினியில் பழகினவர்களுக்கு அது எண்ணெய், பீட்டிலில் மட்டும் இரண்டு மீற்றருக்கு மேல் நீளமான ஒற்றைக் கம்பிக் கயிறு. எஞ்சினும் கியர் பொக்ஸும் பின்னால், உங்கள் கால் முன்னால். நடுவில் காரின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற அந்தத் தகர மேட்டுக்குள், டனல் என்று சொல்வோமே, அதற்குள் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் பற்றவைத்திருக்கும், கேபிள் அந்தக் குழாய்க்குள்ளால் போகிறது. முன் நுனியில் ஒரு வளையம், அது பெடலின் கொக்கியில் மாட்டும். பின் நுனியில் மரை. டனலை விட்டு வெளியே வந்ததும் வளையக்கூடிய இன்னொரு குழாய்க்குள் நுழையும், அதைத்தான் போடன் குழாய் என்கிறோம். அதையும் தாண்டி கியர் பொக்ஸின் இடப் பக்கத்தில் இருக்கிற ஒரு லீவரில் முடியும். அந்த லீவருக்குப் பின்னால் இரண்டு காது வைத்த ஒரு நட் இருக்கும், கையால் திருகுவதற்கென்றே செய்தது. காது நட் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் காது நட்டிலேயே இருக்கிறது. கிளச் பிளேட் தேயத் தேயப் பெடலின் வெற்று ஆட்டம், அதாவது எதிர்ப்பு வரும் வரைக்கும் பெடல் சும்மா போகிற தூரம், குறையும், அதைச் சரிசெய்ய நட்டைத் தளர்த்த வேண்டி வரும். கேபிள் நீண்டுபோனால் அல்லது இழை இழையாக அறுந்துகொண்டு வந்தால் ஆட்டம் கூடும், நட்டை இறுக்க வேண்டி வரும். ஆகவே கீழே குனிந்து பாருங்கள். நட் மரையின் கடைசி வரைக்கும் இறுக்கப்பட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் நிற்கிறது என்றால் பிளேட் தேய்ந்தது காரணமல்ல. கேபிள் இழுபட்டிருக்கிறது, அல்லது யாரோ நீளம் பிழையான கேபிளைப் போட்டிருக்கிறார்கள், அல்லது பெடல் கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது டனலுக்குள் இருக்கிற குழாயின் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கடைசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதுதான் தலைவலி.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் பின்னால் இருந்து லீவரைப் பார்க்க வேண்டும். பெடல் பாதி தூரம் போன பிறகுதான் லீவர் அசையத் தொடங்குகிறது என்றால் இடையில் எங்கோ ஆட்டம் தின்னப்படுகிறது. பெடல் தொடங்கிய கையோடு லீவரும் ஒழுங்காக, முழுதாக அசைந்து, அப்படியும் ரிவர்ஸ் உரசுகிறது என்றால் கேபிளைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரம் கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம், அல்லது கார் நீண்ட நாள் நின்றதில் பிளேட் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிவர்ஸில் மட்டும் ஏன் சத்தம் என்று கேட்டிருந்தீர்கள். 1961 மொடலிலிருந்து பீட்டிலின் நாலு முன் கியருக்கும் சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்துகிற அமைப்பு, இருக்கிறது, ரிவர்ஸுக்கு இல்லை. கிளச் முழுதாக விடாவிட்டால், அதாவது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிரிக்காவிட்டால், முன் கியர்கள் எப்படியாவது சமாளித்து விழுந்துவிடும், ரிவர்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். பெடலை மிதித்து மூன்று நாலு செக்கன் பொறுத்துப் போட்டுப் பாருங்கள், அப்போதும் உரசினால் கிளச் விடவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்களுடையதில் பெடல் கல்லாகவும் இருக்கிறதே, அதனால்தான் கேபிள் என்று சாய்கிறேன். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். அந்த உப்புக் காற்றில் போடன் குழாயின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் உறை வெடித்துப் போயிருந்தால் ஈரமும் உப்பும் நேரே உள்ளே போய் கேபிளைத் துருப்பிடிக்க வைத்துவிடும். என்னுடைய காருக்கு அதுதான் நடந்தது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் காரை மாதக்கணக்கில் துணி போட்டு மூடி வைத்தேன். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூ.ஆர். முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கியதும் ஆசையாக எடுத்துக்கொண்டு புறப்பட்டேன், பெடல் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது, கவனிக்கவில்லை. பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலில் ‘டொக்’ என்றது, பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. பின்னால் பஸ், பக்கத்தில் த்ரீவீல், எல்லோரும் ஹோர்ன். கழற்றிப் பார்த்தபோது போடன் குழாய்க்குள் இருந்த ஒரு சாண் துண்டு மட்டும் கறுப்பாகத் துருவேறியிருந்தது, மற்றதெல்லாம் புதுசு மாதிரி.

சரி, போடன் குழாய்க்கு வருகிறேன். கேபிள் மாற்றினவர்களில் பாதிப் பேர் கோட்டைவிடுகிற இடம் இது. அந்தக் குழாய் நேராக இருக்கக் கூடாது. கீழ்நோக்கி மெல்லிய தொய்வு வேண்டும், இரண்டு முனையையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்ததாக நினைத்தால் நடுவில் 25 முதல் 45 மிமீ வரை வளைவு. ஏன் என்று பலருக்குத் தெரியாது, எனக்கும் கனகாலம் தெரியாது, யாரோ ஜேர்மன்காரன் பிழையாக அளந்துவிட்டான் என்று நேராக்கிவிட்டவன் நான். கியர் பொக்ஸ் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, முதல் கியரில் கிளச்சை விடும்போது அது கொஞ்சம் ஆடும். அந்த வளைவு தருகிற உராய்வு ஆட்டத்தைக் கேபிளுக்குக் கடத்தாமல் பிடித்துக்கொள்கிறது. நேராக்கினால் கார் புறப்படும்போது குதிரை மாதிரி உதறும். உதறுகிறதே என்று எஞ்சினை இறக்கிப் புதுப் பிளேட் போட்டு, பிறகும் உதறி, மறுபடியும் இறக்கின ஆட்களை எனக்குத் தெரியும். வளைவு கூடிப்போனால் எதிர்மாறு, பெடல் இறுகும், கேபிள் அந்த வளைவிலேயே அராவி அறுந்துவிடும். வளைவு போதாவிட்டால் கியர் பொக்ஸில் குழாயின் முனை வந்து உட்கார்கிற பிடிக்கும் குழாய்க்கும் நடுவே வொஷர் சேர்க்க வேண்டும், கூடிவிட்டால் கழற்ற வேண்டும். வளைவைத் திருத்துவதற்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை, இந்த வொஷர்தான்.

இனி சாமான் வாங்குவது. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், தேடினால். இந்தக் கார் மெக்சிகோவில் 2003 வரைக்கும் செய்யப்பட்டது, கடைசி வரைக்கும் கிளச்சுக்குக் கேபிள்தான், அதனால் உதிரிப்பாகம் அருகிப் போகவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கேபிளின் நீளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், கடைக்காரர் ‘எல்லாத்துக்கும் இதுதான்’ என்றால் நம்ப வேண்டாம். முடிந்தால் முதலில் கழற்றிவிட்டுப் பழைய கேபிளைச் சுருட்டிக் கையில் கொண்டுபோங்கள், கடையின் தரையிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முன் வளையம் கம்பியோடு சேரும் இடம் இறுக்கமாக நசுக்கப்பட்டிருக்கிறதா, மரை சுத்தமாக இருக்கிறதா, காது நட்டைக் கையால் கடைசி வரை ஓட்ட முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள். போடன் குழாயையும் சேர்த்து வாங்குங்கள். பழைய குழாய்க்குள் புதுக் கேபிளை விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சாரத்தையே திரும்பக் கட்டுகிற மாதிரி. காது நட்டும் புதிது வாங்குங்கள். பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடையில் சாதாரண நட் எடுத்துப் போடலாமே என்று தோன்றும், ஆனால் காது நட்டின் அடியில் இருக்கிற உருண்டையான மேடு லீவரில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துதான் கழன்று போகாமல் நிற்கிறது. லொறி வயரில் வளையம் ஈயம் பற்றவைத்துத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

வேலைக்கு முந்திய இரவே பின்னால் அந்த நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்புறத்தை ஜக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, இடது பின் டயரைக் கழற்றுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள், செங்கல்லை நம்பியும் போகாதீர்கள். கேபிளின் நுனியை வைஸ் கிரிப்பால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள், பிடிக்காமல் திருகினால் கேபிள் முழுவதும் முறுக்கேறும். நட் வந்ததும் கேபிளை லீவரிலிருந்து எடுத்து, போடன் குழாயையும் ரப்பர் உறைகளையும் உருவிவிடலாம். வொஷர் எத்தனை இருந்தது என்று எண்ணி வையுங்கள்.

முன் பக்கம்தான் பொறுமை வேண்டிய இடம். புத்தகத்தில் இருக்கிற படங்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் காருக்கானவை, நம்முடையது வலப்பக்கம், ஆகவே பெடல் பகுதி டனலின் மறுபக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், பின் லீவர் மட்டும் இரண்டுக்கும் இடப் பக்கமே. கார்ப்பெட்டை விலக்கினால் பெடல்கள் சேர்ந்த கூட்டம் டனலின் பக்கத்தில் இரண்டு போல்ட்டில் நிற்பது தெரியும், 13 அல்லது 14 மிமீ ஸ்பனர். பெடல் திரும்பி வந்து முட்டுகிற சிறு தகடு ஒன்று இருக்கும், அதைத் தொடுவதற்கு முன் இருந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள். அக்சிலேட்டர் இணைப்பை விடுவித்து, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிற தள்ளுத் தண்டின் பின்னைக் கழற்றி, இரண்டு போல்ட்டையும் எடுத்தால் பெடல் கூட்டம் கையோடு வரும். வேகமாக இழுக்காதீர்கள், கேபிளின் வளையம் இன்னும் கொக்கியில்தான் இருக்கிறது, கொஞ்சம் வெளியே எடுத்துச் சாய்த்து வளையத்தை விடுவியுங்கள்.

இப்போது கையில் இருக்கிற பெடலை விரலால் ஆட்டிப் பாருங்கள். அதன் அச்சே துருப்பிடித்து இறுகியிருந்தால் உங்கள் கல் பெடலுக்குப் பாதிக் காரணம் அங்கேயே அகப்பட்டுவிட்டது, கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் போடுங்கள். கொக்கியையும் பாருங்கள். அறுபது வருடமாக ஒரே இடத்தில் வளையம் உராய்ந்து, பாதிக் கனத்துக்குத் தேய்ந்த கொக்கிகளைப் பார்த்திருக்கிறேன், வெல்டிங்கில் நிரப்பி அராவிக்கொள்ளலாம்.

பழைய கேபிளை முன்னால் இழுத்து எடுத்துவிட்டு, புதுக் கேபிளைக் கையில் கிறீஸ் அள்ளி நுனியிலிருந்து நுனி வரைக்கும் தாராளமாகப் பூசி, பெடல் ஓட்டை வழியாக மரை முனையை உள்ளே விடுங்கள். உள்ளே இருக்கிற குழாயின் வாயைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. டோர்ச் பிடித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் கையை விட்டதும் மறைத்துவிடும், விரலால் தடவித்தான் செலுத்த வேண்டும். அகப்பட்டுவிட்டால் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரம் குழாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையவே கூடாது. அசைந்தால், நான் பிறகு சொல்கிறேன் என்ற தலைவலி இதுதான்: பற்றவைப்பு விட்ட குழாய், நீங்கள் மிதிக்கும்போது கேபிளோடு சேர்ந்து வளையும், எத்தனை புதுக் கேபிள் போட்டாலும் ஆட்டம் நிற்காது, சில மாதத்தில் கேபிளையும் தின்றுவிடும். டனலின் பக்கத்தில் சிறு சன்னல் மாதிரி வெட்டி, குழாயைத் திரும்பப் பற்றவைத்து, தகரத்தை மூட வேண்டும். அதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம், டனலுக்குள்ளேயே பெற்றோல் குழாயும் ஓடுகிறது.

வளையத்தைக் கொக்கியில் மாட்டினதிலிருந்து பின்னால் நட் இறுகும் வரைக்கும் கேபிள் தளரக் கூடாது. கொஞ்சம் தளர்ந்தாலும் வளையம் கொக்கியிலிருந்து விழுந்துவிடும், திரும்பவும் எல்லாம் கழற்ற வேண்டும். துணைக்கு ஆள் கேட்டது இதற்குத்தான். என் மருமகன் காருக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக் கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்க, ‘இழு, விடாதே, விடாதே’ என்று நான் முன்னால் இருந்து கத்த, பக்கத்து வீட்டு அங்கிள் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார். பெடலை நிமிர்த்தி ஸ்டியரிங்கோடு ஒரு கயிற்றால் கட்டிவிட்டாலும் உதவும்.

பின்னால் உறைகள், போடன் குழாய், எண்ணி வைத்த வொஷர்கள், லீவர், காது நட், இந்த வரிசையில் பூட்டுங்கள். வளைவை அளந்து சரிபார்த்த பிறகே நட்டைச் சரிசெய்ய வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை. பெடலைக் கையால் அழுத்தும்போது எதிர்ப்பு வருவதற்கு முன் 10 முதல் 20 மிமீ வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பெடல் சுகமாக இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் லீவர் அசையும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ் பெயரிங் எந்நேரமும் உராய்ந்து வீணாகும், பிளேட்டும் வழுக்கும். நட்டை விடும்போது அதன் மேடு லீவரின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 200, 300 கிலோமீற்றர் ஓடியதும் புதுக் கேபிள் கொஞ்சம் இளகும், ஒரு தடவை திரும்ப அளக்க வேண்டும்.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். தள்ளுத் தண்டைக் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்கள், அதற்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் 1 மிமீ அளவு இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு சூடாகும். கீறி வைத்த கோட்டில் தகட்டைப் பூட்டினால் பெரும்பாலும் சரியாக வரும், ஆனாலும் ஒழுங்கைக்குள்ளேயே நாலைந்து தடவை பிரேக் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலி வீதிக்கு ஏறுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கேபிள் அடிக்கடி அறுகிறது, அல்லது கழற்றின கேபிள் சூடுபட்ட மாதிரி நீலம் பூத்திருக்கிறது என்றால், கியர் பொக்ஸிலிருந்து காரின் உடம்புக்குப் போகிற பின்னல் எர்த் பட்டியைப் பாருங்கள். எஞ்சினும் கியர் பொக்ஸும் ரப்பரில் நிற்பதால் அந்தப் பட்டி வழியாகத்தான் ஸ்டாட்டரின் மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிறது. உப்பில் அது அரித்துப்போனால் மின்சாரம் வேறு வழி தேடும், அகப்படுவது கிளச் கேபிளும் அக்சிலேட்டர் கேபிளும்தான். உங்கள் 6 வோல்ட் காரில் ஸ்டாட்டர் இழுக்கிற கரண்டுக்கு அந்தக் கேபிள் எத்தனை நாள் தாங்கும்? எர்த் பட்டி மலிவான சாமான், கேபிளோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.

வழியில் அறுந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரைக்கும் கிளச் இல்லாமல்தான் வந்தேன். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்னால் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால் ஸ்டாட்டரே காரை இழுத்துக்கொண்டு போகும், போகிற போக்கில் எஞ்சின் பிடிக்கும். அக்சிலேட்டரை விட்ட கணத்தில் கியரை நியூட்ரலுக்கு எடுக்கலாம், பிறகு வேகத்தைக் கேட்டு இரண்டாவதை மெல்ல அழுத்தினால் விழும், பலவந்தம் பண்ணினால் விழாது. சிக்னல் சிவப்பானால் நியூட்ரல், நிறுத்தம், எல்லாம் முதலிலிருந்து. பழைய பற்றரி இதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் செய்யவே வேண்டாம், ஓரமாகத் தள்ளிவிட்டு யாரையாவது கூப்பிடுவது நல்லது. அன்றைக்குப் பிறகு பின் சீற்றுக்கு அடியில் ஒரு புதுக் கேபிள் கிறீஸ் பூசிப் பையில் சுற்றிக் கிடக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒரு தடவை வெற்று ஆட்டத்தைக் கையால் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் பின்னால் குனிந்து ரப்பர் உறைகளையும் மரையையும் பார்த்துக் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். கார் ஓடாமல் நின்றாலும் கிழமைக்கு ஒரு தடவை பெடலைப் பத்துத் தரம் மிதித்துவிடுங்கள், 2022இல் நான் அதைச் செய்திருந்தால் அந்த ஹோர்ன் எல்லாம் கேட்டிருக்க மாட்டேன். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்தபடி நிற்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள்.

எல்லாம் முடிந்தபிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கு மரீன் டிரைவுக்குக் கொண்டுபோய், எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஓரமாக நிறுத்தி, பெடலை முழுதாக மிதித்து, நாலு வரை எண்ணி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கர்ர் என்றால் அந்தக் கராஜ்காரரையே கூப்பிட்டு எஞ்சினை இறக்கச் சொல்லுங்கள்.